உள்ளேன் ஐயா, நேற்றும் இருந்தேன்: ஃப்ரிசிய மொழியின் 'வேஸெ' வினை

வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிக்கிறார். மாணவன் எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறான். அதே மாணவனிடம் "நேற்று எங்கே போனாய்?" என்று கேட்டால், "நேற்றும் வகுப்பில் இருந்தேன் ஐயா" என்பான். ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். 'உள்ளேன்' என்பதற்கு இறந்தகால வடிவம் என்ன? எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இன்றைய தமிழில் 'உள்' என்ற வினைக்கு நேற்று கிடையாது, நாளையும் கிடையாது. நேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் 'இரு' என்ற வேறொரு வினையிடம் போய் 'இருந்தேன்' என்று வாங்கி வர வேண்டும். நாளைக்கும் அதே கதைதான்: இருப்பேன்.

இப்படி ஒரு வினையின் காலியிடத்தை வேறொரு வேரிலிருந்து பிறந்த சொல் நிரப்புவதை மொழியியலில் வேர்மாற்றம் என்று சொல்லலாம். தமிழில் இது ஓரமாக நடக்கிற சின்ன விஷயம். ஆனால் ஐரோப்பாவின் பல மொழிகளில் மிக அதிகமாகப் புழங்கும் வினையே, அதாவது 'இரு' என்று பொருள்படும் வினையே, இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதைக் காட்ட ஆங்கிலத்தையோ ஜெர்மனையோ எடுத்திருக்கலாம். நான் மேற்கு ஃப்ரிசிய மொழியை எடுத்துக்கொள்கிறேன். அந்த மொழியில் இந்த வினையின் பெயர் 'வேஸெ'. அதன் வடிவங்கள் கொஞ்சம்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் வரலாறு அடங்கியிருக்கிறது.

ஃப்ரிசியம் எங்கே பேசப்படுகிறது? நெதர்லாந்தின் வட ஓரத்தில், கரை கட்டிக் கடலைத் தடுத்து வைத்திருக்கும் தாழ்வான புல்வெளி நிலம் ஃப்ரீஸ்லான். ஏரியும் வாய்க்காலும் கறவை மாடும் நிறைந்த மாகாணம். அதன் தலைநகரை டச்சுக்காரர்கள் லேவார்டன் என்பார்கள், ஃப்ரிசியர்கள் லியோவெர்ட் என்பார்கள். மாகாணத்தில் சுமார் 6.5 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஃப்ரிசியம் பேசத் தெரியும். 'மேற்கு' என்ற அடைமொழி எதற்கென்றால், ஜெர்மனியில் இந்த மொழிக்கு இரண்டு சகோதரிகள் உண்டு: வடகடல் கரையிலும் தீவுகளிலும் பேசப்படும் வட ஃப்ரிசியம், சாட்டர்லாந்து என்ற சிறு பகுதியில் இரண்டாயிரம் பேர் அளவில் பேசும் சாட்டர்லாந்து ஃப்ரிசியம். ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு மொழிகள் என்று இந்த ஃப்ரிசியக் குடும்பத்தைத்தான் சொல்வது வழக்கம்.

இந்த மொழியைத் தங்கள் நீதிமன்றத்தில் பேசுவதற்கே அவர்கள் அடி வாங்க வேண்டியிருந்தது. ஹீரென்வேன் என்ற ஊரின் நீதிமன்றத்தில் ஃப்ரிசியம் பேச இடம் தராததைக் கண்டித்து எழுதிய பத்திரிகையாளர் ஃபெட்டெ ஸ்கூரெர் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1951 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, விசாரணை நாளன்று லியோவெர்ட் நீதிமன்றத்துக்கு வெளியே திரண்ட கூட்டத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது. அந்த நாளை இன்றும் தடியடி வெள்ளி என்றே நினைவுகூர்கிறார்கள். 1956-இல் நீதிமன்றத்தில் ஃப்ரிசியம் பேசலாம் என்று சட்டம் வந்தது. கூண்டில் நிற்கிற ஒருவர் தான் யார் என்று சொல்ல வாய் திறந்தால் முதலில் வருவது 'இக் பின்' என்ற இரண்டு சொற்கள்தான். 'நான் இன்னார்' என்பதன் தொடக்கம் அது. அந்த 'பின்' நாம் பார்க்கப்போகிற வினையின் ஒரு வடிவம்.

வடிவங்களுக்குப் போகும் முன் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரிசியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது 'ப' இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கீழே வரும் பின், பிஸ்ட், பின்னெ மூன்றிலும் உள்ள 'பி', கடையில் தரும் 'பில்' என்பதில் வருவதுபோல அழுத்தமாக ஒலிக்க வேண்டும், 'பிறகு' என்பதில் வருவதுபோல அல்ல. 'வேஸெ' என்பதிலுள்ள 'ஸெ' தேனீ ரீங்கரிப்பதுபோல மென்மையாக வரும்.

இப்போது நிகழ்காலம்:

இக் பின் – நான் இருக்கிறேன்
டோ பிஸ்ட் – நீ இருக்கிறாய்
ஹெய் இஸ், ஸெய் இஸ், இட் இஸ் – அவன், அவள், அது
யோ பின்னெ – நீங்கள் (ஒருவரை மரியாதையாக)
வெய் பின்னெ – நாங்கள், நாம்
யிம்மெ பின்னெ – நீங்கள் (பலரை)
ஸெய் பின்னெ – அவர்கள்

இறந்தகாலம் இன்னும் சுருக்கம். இக் வியெ, டோ வியெஸ்ட், ஹெய் வியெ. 'யோ' உட்பட மற்ற எல்லாருக்கும் வியெனெ. சிலர் கடைசியில் ஒரு 'ன்' சேர்த்து வியெனென் என்பார்கள்.

இவற்றோடு 'இரு' என்ற ஏவல் 'வேஸ்', முடிந்ததைச் சொல்லும் எச்ச வடிவம் 'வெஸ்ட்'. அவ்வளவுதான். 'வேஸ் ஸ்டில்' என்றால் 'சும்மா இரு', அதாவது சத்தம் போடாதே.

'டூஸ்' என்ற ஒரே ஒரு சொல்லைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'வீட்டில்' என்று பொருள். இக் பின் டூஸ், நான் வீட்டில் இருக்கிறேன். இக் வியெ டூஸ், நான் வீட்டில் இருந்தேன். இக் ஸில் டூஸ் வேஸெ, நான் வீட்டில் இருப்பேன். முதல் நாளே இந்த மூன்றும் வாயில் வந்துவிடும்.

ஒரு வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழில் 'அவர் விவசாயி' என்று சொன்னால் வாக்கியம் முடிந்துவிடுகிறது, வினையே தேவையில்லை. 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்பதற்குத்தான் வினை வேண்டும். ஃப்ரிசியத்தில் இரண்டுக்கும் வேஸெ கட்டாயம். ஹெய் இஸ் பூர், அவர் விவசாயி. ஹெய் இஸ் டூஸ், அவர் வீட்டில் இருக்கிறார். ஆகவே நமக்கு மௌனமாக இருக்கிற இடத்திலும் அவர்களுக்கு இந்தச் சொல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை முறை இதைச் சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள். இந்த எண்ணிக்கைக்கு ஒரு முக்கியத்துவம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பின், இஸ், வியெ. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வினை என்று யாராவது சொல்வார்களா? ஒழுங்கான வினை எப்படி இருக்கும் என்பதற்கு 'பக்கெ' என்பதைப் பாருங்கள். ரொட்டி சுடுவதைக் குறிக்கும் சொல், நம் ஊர் பேக்கரிக்கு உறவு. இக் பக், டோ பக்ஸ்ட், ஹெய் பக்ட், வெய் பக்கெ. இறந்தகாலம் பக்டெ. எங்கே திருப்பினாலும் 'பக்' அப்படியே நிற்கிறது. வேஸெயில் அப்படி நிலையாக நிற்கும் ஒன்றும் இல்லை. காரணம், அது ஒரு வினையே அல்ல. மூன்று தனித்தனி வினைகள் சேர்ந்து நடத்தும் ஒரு குடித்தனம்.

முதல் வேர் 'எஸ்'. வெறுமனே 'இருத்தல்' என்று பொருள். ஃப்ரிசியத்தில் இன்று இதற்கு மிஞ்சியது 'இஸ்' ஒன்றுதான்.

இரண்டாவது வேர் 'பூ' என்பது போன்ற ஓர் ஒலி. முளைத்தல், வளர்தல், ஆகுதல் என்று பொருள். பின், பிஸ்ட், பின்னெ மூன்றின் முன்பாதியும் இங்கிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'டு பீ' என்று சொல்வதும் இதுவே.

மூன்றாவது வேர் 'வெஸ்'. தங்குதல், இரவைக் கழித்தல், குடியிருத்தல். வேஸெ, வேஸ், வெஸ்ட், வியெ, வியெனெ எல்லாம் இந்த வேரின் பிள்ளைகள்.

அதாவது 'இருக்கிறான்' என்பதற்கு ஒரு வேர், 'ஆகிறேன்' என்பதாக இருந்து 'இருக்கிறேன்' என்று பொருள் மாறியது ஒரு வேர், 'தங்கியிருந்தேன்' என்பதாக இருந்து 'இருந்தேன்' என்று தேய்ந்தது இன்னொரு வேர். இரு, ஆகு, தங்கு என்ற மூன்று தமிழ் வினைகளையும் உடைத்து ஒரே வாய்பாட்டில் ஒட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, இந்த மூன்று வேர்களும் நாம் தினமும் பேசும் தமிழுக்குள்ளும் விருந்தாளிகளாக உட்கார்ந்திருப்பதுதான். ஃப்ரிசியமும் சமஸ்கிருதமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே சமஸ்கிருதத்திலும் இந்த மூன்று வேர்களும் உண்டு. அங்கிருந்து தமிழுக்கு வந்த சொற்களில் அவற்றைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

'இஸ்' என்பதன் சமஸ்கிருத உறவு 'அஸ்தி', 'இருக்கிறது'. (இறந்தவரின் எலும்பைக் குறிக்கும் அஸ்தி வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ந அஸ்தி, இல்லை என்பது நாஸ்தி ஆயிற்று. அதிலிருந்து வந்தவர்தான் நம்முடைய நாத்திகர். 'அஹம் பிரம்மாஸ்மி' என்பதன் கடைசியில் வரும் 'அஸ்மி', 'இருக்கிறேன்', அதுவும் இதே வேர். 'சத்தியம்' என்ற சொல்லும் 'இருப்பது' என்ற பொருளில் இதிலிருந்து கிளைத்தது.

'பின்' என்பதன் உறவு 'பவதி', ஆகிறது. அனுபவம், சம்பவம் இரண்டுக்குள்ளும் இருக்கும் 'பவ' அதுதான். 'வேஸெ' என்பதன் உறவு 'வஸதி', குடியிருக்கிறான். 'எங்கே வசிக்கிறீர்கள்?' என்று கேட்கும்போதும், 'சென்னைவாசி' என்று எழுதும்போதும், ராமனின் வனவாசத்தைப் பற்றிப் பேசும்போதும் ஃப்ரிசிய வேஸெயின் தூரத்துச் சொந்தத்தைத்தான் அழைக்கிறோம். ஃப்ரிசியத்தில் அந்த வேர் 'குடியிருத்தல்' என்ற பழைய பொருளைத் தொலைத்து வெறும் 'இருத்தல்' ஆகிவிட்டது. தமிழில் தங்கிய அதன் சொந்தமோ இன்னும் பழைய பொருளிலேயே குடியிருக்கிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இதை வைத்துக்கொண்டு தமிழும் ஃப்ரிசியமும் உறவு மொழிகள் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. இவை தமிழ் வாங்கிக்கொண்ட சொற்கள். தமிழின் சொந்தச் சொற்களான இரு, உள், ஆகு, இல்லை ஆகியவற்றுக்கும் இந்த வேர்களுக்கும் தொடர்பில்லை. மொழிகளின் உறவை நிறுவுவதற்கு வினைத்திரிபை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழி என்று காட்டியவர் ஜெர்மன் மொழியியலாளர் ஃப்ரான்ஸ் பாப். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், பாரசீகம், ஜெர்மானியம் ஆகியவற்றின் வினைத்திரிபுகளை ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1816-இல் வந்தது. அதே 1816-இல்தான், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் எழுதிய ஆய்வும் அச்சேறியது. ஒரு குடும்பத்தின் உறவை வினைகளை வைத்து நிறுவியதும், இன்னொரு குடும்பத்தின் தனித்தன்மை அச்சில் வந்ததும் ஒரே ஆண்டில்.

சரி, ஃப்ரிசியத்துக்குத் திரும்புவோம்.

'பின்' என்ற வடிவத்தை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பழைய ஃப்ரிசியம் என்பது பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டின் கடைசி முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட சட்ட ஏடுகளில் நமக்குக் கிடைக்கிறது. அங்கே 'நான் இருக்கிறேன்' என்பது 'பிம்', 'பெம்' என்று 'ம்' ஒலியில் முடிகிறது. 'அஸ்மி' என்பதிலும், ஆங்கிலத்தின் 'ஐ ஆம்' என்பதிலும் நிற்கும் அதே 'ம்'. அப்படியென்றால் 'பின்' என்ற ஒற்றை அசைச் சொல்லுக்குள்ளேயே ஒரு கலப்பு இருக்கிறது: தலை 'பூ' வேரிலிருந்து, வால் 'எஸ்' வேரின் வாய்பாட்டிலிருந்து. பிறகு அந்த 'ம்' மெல்ல 'ன்' ஆகிவிட்டது.

பன்மையில் நடந்தது வேறு கதை. பழைய ஃப்ரிசியத்தில் 'நாங்கள் இருக்கிறோம்' என்பதற்கு 'செந்த்', 'சிந்த்' போன்ற வடிவங்கள் இருந்தன. ஜெர்மனில் இன்றும் 'சிந்த்', டச்சில் 'ஸெய்ன்', சாட்டர்லாந்து ஃப்ரிசியத்தில் இன்றும் 'சுந்த்'. சமஸ்கிருதத்தில் 'ஸந்தி'. எல்லாமே 'எஸ்' வேர். மேற்கு ஃப்ரிசியம் மட்டும் இந்தப் பழைய வடிவத்தை விட்டுவிட்டு, கையிலிருந்த 'பின்' என்பதோடு மற்ற எல்லா வினைகளும் பன்மைக்குச் சேர்க்கும் 'எ' விகுதியை ஒட்டி 'பின்னெ' என்று புதிதாகச் செய்துகொண்டது. பக் – பக்கெ, பின் – பின்னெ. ஒழுங்கற்ற வினை ஓர் இடத்தில் ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஜெர்மனும் டச்சும் வழவழவென்று தேய்ந்த பழைய காசை வைத்திருக்க, ஃப்ரிசியம் அதை உருக்கிப் புதிதாக வார்த்துக்கொண்டது.

அதனால்தான் 'எஸ்' வேருக்கு 'இஸ்' ஒன்றே மிஞ்சியது என்று சொன்னேன். மற்ற எல்லா இடங்களையும் இழந்தும் அது ஒரு நல்ல இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் பெரிய பியெர் என்ற ஃப்ரிசியப் போராளி, பிடிபட்டவர்கள் உண்மையான ஃப்ரிசியர்களா என்று சோதிக்க ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னதாக மக்கள் சொல்லும் கதை உண்டு. வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி என்று தொடங்கி, 'இதைச் சொல்ல வராதவன் அசல் ஃப்ரிசியன் அல்ல' என்று முடியும். அந்தக் கடைசிப் பகுதி 'இஸ் க்யின் ஒப்ர்யொக்டெ ஃப்ரீஸ்'. 'இஸ்' என்பது அண்டை வீட்டு டச்சுக்காரனுக்கும் சுலபமாக வரும். நாக்கு சிக்கிக்கொள்வது வெண்ணெயிலும் பாலாடைக்கட்டியிலும்தான்.

இறந்தகாலத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த வினையின் மிகச் சுவையான பகுதி இதுதான்.

ஆங்கிலத்தில் ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்'. ஒன்றில் ஸ், இன்னொன்றில் ர். ஏன்? இதை விளக்கியவர் கார்ல் வெர்னர் என்ற டேனிஷ் மொழியியலாளர். அவருடைய கட்டுரை 1877-இல் வெளிவந்தது. அவர் கண்டது இது: மிகப் பழைய காலத்தில் ஒருமை வடிவத்தில் அழுத்தம் வேர்ப்பகுதியில் விழுந்தது, பன்மை வடிவத்தில் விகுதியின் மீது விழுந்தது. அழுத்தம் தள்ளிப்போன பன்மையில் 'ஸ்' ஒலி மென்மையாகி ரீங்காரமாயிற்று. அந்த ரீங்காரம் பிற்காலத்தில் 'ர்' ஆயிற்று. அழுத்தம் இடம் மாறும் வழக்கமே ஒழிந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆனால் அதன் தடம் மட்டும் ஆங்கிலக் குழந்தைகள் பள்ளியில் படிக்கும் 'வாஸ், வேர்' என்பதில் அப்படியே கிடக்கிறது. டச்சிலும் அதேதான்: ஒருமை 'வஸ்', பன்மை 'வாரென்'.

பழைய ஃப்ரிசியத்திலும் 'வஸ்', 'வேரென்' என்ற இணை இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? ஜெர்மன் மொழி பன்மையின் 'ர்' ஒலியை ஒருமைக்கும் கொண்டுவந்து இரண்டையும் சமப்படுத்திக்கொண்டது. ஃப்ரிசியமும் பன்மையின் பக்கமே சாய்ந்தது. அதனால்தான் இன்று 'வஸ்' என்ற வடிவம் ஃப்ரிசியத்தில் இல்லை. ஆனால் 'வேரென்' எப்படி 'வியெனெ' ஆனது?

இதற்கு ஓர் அழகான ஒலி விதி கைகொடுக்கிறது. பழைய ஃப்ரிசியத்தின் நெடில் 'ஏ' இன்றைய மேற்கு ஃப்ரிசியத்தில் 'இயெ' ஆகியிருக்கிறது. டச்சில் அதே இடத்தில் 'ஆ' இருக்கும். ஆட்டுக்கு டச்சில் 'ஸ்காப்', ஃப்ரிசியத்தில் 'ஸ்கியெப்', ஆங்கிலத்தில் 'ஷீப்'. தூங்குவதற்கு டச்சில் 'ஸ்லாபென்', ஃப்ரிசியத்தில் 'ஸ்லியெபெ', ஆங்கிலத்தில் 'ஸ்லீப்'. ஆண்டுக்கு டச்சில் 'யார்', ஃப்ரிசியத்தில் 'யியெர்'. இப்போது டச்சின் 'வாரென்' பக்கத்தில் ஃப்ரிசியத்தின் 'வியெனெ'யை வையுங்கள். 'ஆ' இருந்த இடத்தில் 'இயெ' சரியாக வந்து உட்காருகிறது. 'ர்' மட்டும் காணோம். அது தேய்ந்துவிட்டது. 'ன்', 'ட்' போன்ற ஒலிகளுக்கு முன்னால் 'ர்' ஒலியை விழுங்குவது ஃப்ரிசிய நாக்கின் பொதுப் பழக்கம்.

தேய்ந்ததால் ஒரு நன்மையும் கிடைத்தது. இன்னும் நான்கு முக்கியமான வினைகளின் இறந்தகாலத்தைக் கேளுங்கள்: ஹியெ (வைத்திருந்தான்), டியெ (செய்தான்), கியெ (போனான்), ஸ்டியெ (நின்றான்). பன்மையில் ஹியெனெ, டியெனெ, கியெனெ, ஸ்டியெனெ. வியெ, வியெனெ இவர்களோடு எதுகை போட்டுக்கொண்டு நிற்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் இந்த ஐந்தையும் ஒரே மூச்சில் பாட்டுப்போலச் சொல்லிப் பழகுங்கள். வியெ, ஹியெ, டியெ, கியெ, ஸ்டியெ. ஐந்து 'ஒழுங்கற்ற' வினைகள் ஒரே நேரத்தில் கைவசமாகும்.

ஏன் இந்த வினைகள் மட்டும் மற்றவைபோல் திருந்தாமல் இருக்கின்றன என்று கேட்கலாம். மேலே சொன்ன எண்ணிக்கைக்கு இங்கேதான் வேலை. அரிதாகப் பயன்படும் வினையின் பழைய வடிவம் நினைவில் நிற்பதில்லை. பேசுபவர் தெரிந்த விதியைப் போட்டுப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்வார், அதுவே நிலைத்துவிடும். ஒரு நாளைக்கு நூறு முறை வாயில் வரும் சொல்லுக்கு விதியே வேண்டாம், முழு வடிவமும் குழந்தைப் பருவத்திலேயே மனதில் பதிந்துவிடுகிறது. தமிழில் 'வா' என்பதிலிருந்து வந்தேன், வருகிறேன், வாராய் என்று உயிர் குறுகியும் நீண்டும் வருவதை எந்தக் குழந்தையும் தடுமாறிப் படிப்பதில்லை. காரணம் இதுவே.

அடுத்து 'வெஸ்ட்'. 'நான் வீட்டில் இருந்திருக்கிறேன்' என்பதை டச்சுக்காரரும் ஜெர்மன்காரரும் 'இரு' வினையையே துணைவினையாகவும் வைத்துச் சொல்வார்கள். ஃப்ரிசியர்கள் 'வைத்திரு' என்று பொருள்படும் 'ஹவ்வெ' வினையைத் துணைக்கு அழைக்கிறார்கள்: இக் ஹா டூஸ் வெஸ்ட். ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ் பீன்' என்பதும் இதே கட்டுமானம். டச்சில் 'கெவேஸ்ட்' என்று முன்னால் ஒரு 'கெ' ஒட்டு இருக்கும். ஃப்ரிசியமும் ஆங்கிலமும் அந்த ஒட்டை எப்போதோ உதறிவிட்டன. டச்சு மொழிக்கு நடுவில் வாழ்ந்தும் இந்த இடத்தில் ஃப்ரிசியம் கடலுக்கு அப்பால் இருக்கும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது. இப்போது டச்சின் தாக்கத்தில் 'இக் பின் வெஸ்ட்' என்று பேசுவதும் காதில் விழும். எழுதும்போது 'ஹா' என்று எழுதுவதே நல்லது.

முழு வினைப்பெயரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸில் போன்ற துணைவினைகளுக்குப் பின் 'வேஸெ'. 'டெ' என்ற இடைச்சொல்லுக்குப் பின் ஒரு 'ன்' சேர்ந்து 'வேஸென்'. ஓம் டூஸ் டெ வேஸென், வீட்டில் இருப்பதற்காக. டச்சில் இந்த வேறுபாடு இல்லை. ஃப்ரிசியர்கள் எழுத்தில் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

கடைசியாக, தமிழர்களுக்கு இந்த மொழி ஏன் சட்டென்று நெருக்கமாகத் தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டும். நாம் 'வந்தாய்' என்றாலே போதும், 'நீ' தேவையில்லை. விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலும் டச்சிலும் இப்படி விட முடியாது. ஃப்ரிசியத்தில் 'டோ' என்ற 'நீ'யை மட்டும் விட்டுவிடலாம். பிஸ்ட் டூஸ்? வீட்டில் இருக்கிறாயா? வேர் பிஸ்ட்? எங்கே இருக்கிறாய்? 'ஸ்ட்' என்ற விகுதி 'நீ'க்கு மட்டுமே உரியது என்பதால் குழப்பம் வராது. இதைவிட வியப்பானது, அந்த 'ஸ்ட்' இணைப்புச் சொல்லின் மீதும் ஏறிக்கொள்கிறது. 'என்று' என்பதற்கு இணையான சொல் 'டட்'. 'நீ வீட்டில் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்' என்பது 'இக் டிங்க் டட்ஸ்ட் டூஸ் பிஸ்ட்'. 'நீ' என்பதன் அடையாளம் இணைப்புச் சொல்லில் ஒருமுறை, வினையில் ஒருமுறை. வேறு யாருக்கும் இப்படிச் செய்வதில்லை.

மரியாதையிலும் அப்படித்தான். 'யோ' என்பது ஒரே ஆளைக் குறித்தாலும் வினை பன்மையில்தான் வரும்: யோ பின்னெ. நாம் ஒருவரைப் பார்த்து 'இருக்கிறீர்கள்' என்பதைப்போல. அப்புறம், அப்பா, அம்மா, பாட்டி, தாத்தாவிடம் பேசும்போது பல ஃப்ரிசியக் குடும்பங்களில் 'நீ'யும் சொல்ல மாட்டார்கள், 'நீங்கள்' என்றும் சொல்ல மாட்டார்கள். உறவுமுறையையே சொல்லிப் படர்க்கையில் கேட்பார்கள். ஹெய்ட் என்றால் அப்பா, மெம் என்றால் அம்மா, பாகெ தாத்தா, பெப்பெ பாட்டி. பாட்டியின் எதிரிலேயே நின்றுகொண்டு 'இஸ் பெப்பெ ஸீக்?' என்று கேட்கலாம். 'பாட்டிக்கு உடம்பு சரியில்லையா?' இதை நாமும் அப்படியே கேட்போம். ஆகவே 'இஸ்' என்பது படர்க்கை வடிவம் என்று இலக்கணத்தில் படித்தாலும், வீட்டுக்குள் அது முன்னிலைக்கும் வரும்.

படித்ததையெல்லாம் சேர்த்து ஒரு சின்ன உரையாடல். மகன் வாசலில் நுழைகிறான், அம்மா கேட்கிறாள்.

வேர் ஹஸ்ட் வெஸ்ட்? – எங்கே இருந்தாய் இவ்வளவு நேரம்?
பெய் பெப்பெ. – பாட்டி வீட்டில்.
வியெ ஸெ டூஸ்? – பாட்டி வீட்டில் இருந்தாளா?
யா, ஸெ இஸ் ஸீக். – ஆமாம், உடம்பு சரியில்லை.
ம்வான் பின் இக் டேர். – நாளைக்கு நான் அங்கே இருக்கிறேன்.

முதல் கேள்வியில் 'டோ' இல்லை. 'வெஸ்ட்' ஹவ்வெயோடு வந்திருக்கிறது. கடைசி வரியில் நாளையைப் பற்றிய பேச்சுக்கு நிகழ்கால 'பின்' வந்திருக்கிறது, நாம் 'நாளைக்கு அங்கே இருக்கிறேன்' என்று சொல்வதுபோலவே. வெஸ்ட், வியெ, இஸ், பின் என்று ஐந்து வரிக்குள் மூன்று வேர்களும் வந்து போய்விட்டன. அம்மாவுக்கும் மகனுக்கும் அது ஒரே சொல்தான்.